வாங்கியவர் நேரில் வரவேண்டும்

குடியிருப்புச் சிறை, பெட்ரோபாவ்ல் அருகில்
செப்டம்பர் 4, 2006

அன்புள்ள மர்ஸியா அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம். பல்வலி மட்டும் வந்து வந்து போகிறது. நீ எப்படி இருக்கிறாய்? ரொட்டித் தொழிற்சாலையில் இன்னும் விடியற்கால வேலைதானா? அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா?

இங்கே தொலைபேசிப் பெட்டி இன்னும் சரியாகவில்லை. ஆகவே கடிதம்தான். அம்மா அனுப்பிய குளிர்கோட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நல்ல கோட்டுதான், அளவும் சரி. ஆனால் நீலம். இங்கே வெளியில் போடுகிற துணி கருப்பாகத்தான் இருக்க வேண்டும். பொட்டலத்தைப் பிரித்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, “என்னப்பா, மாப்பிள்ளை ஊர்வலமா?” என்றார். வரிசையே சிரித்தது.

கடையில் கொடுத்து அதே கோட்டைக் கருப்பில் மாற்றி அனுப்பினால் போதும். அவசரமில்லை. அக்டோபர் கடைசிக்குள் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு மரக்கிடங்கில் நிற்கவே முடியாது. அந்தப் பனிமூட்டமும் அந்தச் சைக்கிள்காரரும் என் லாரிக்கு முன்னால் வராமல் இருந்திருந்தால், இந்நேரம் லாரிக்குள் சூடாக உட்கார்ந்திருப்பேன். சரி, அதை விடு.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உன் தம்பி,
தோலெகென்


கரகந்தா
செப்டம்பர் 19, 2006

அன்புத் தம்பி தோலெகென்,

ஸலாம். நாங்கள் நலம். பல்வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி. பல்லைப் பிடுங்குகிறேன் என்று யாராவது வந்தால் ஓடிவிடு.

கோட்டு வந்தது. நீலத்தை ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. “கருப்புப் போட்டா எம்புள்ள காக்கா மாதிரி இருப்பானே” என்று இரண்டு நாள் புலம்பிவிட்டு, மூன்றாம் நாள் தானே கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன்.

கோட்டை வாங்கியது நகர நடுவில் இருக்கிற மெரெகே வளாகத்தில். நீ போன பிறகு அது இன்னும் மோசம். ஊருக்கு வெளியே புது வளாகம் திறந்ததும் பாதிக் கடைகள் அங்கே ஓடிவிட்டன. நகரும் படிக்கட்டு நின்றுபோய்விட்டது. ஆனால் ‘ஓடாதீர்கள், படியே உங்களை அழைத்துச் செல்லும்’ என்ற பலகையை யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் மாடிக்கு அதிலேயே ஏறினோம். அம்மா பாதியில் உட்கார்ந்துகொண்டு பலகையைப் பார்த்து, “எப்ப அழைச்சிட்டுப் போவே?” என்று கேட்டார்.

துணிக்கடையில் ரிஸ்கூல் என்று ஒரு பெண். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே பேசினாள்.

“கருப்பு இல்லைங்க. வியாழக்கிழமை சரக்கு வரும்.”

“எந்த வியாழக்கிழமைம்மா? இந்த வருஷத்துலதானே?”

“அம்மா, கோட்டை வெச்சுட்டுப் போங்க. வந்ததும் மாத்திக் குடுக்கறேன். ஆனா நீங்களே வரணும். போன மாசம் ஒருத்தங்க கோட்டை அவங்க நாத்தனார் கிட்டக் குடுத்துட்டு நான் பட்டது போதும்.”

“நான் வராம வேற யாரு வருவா? எம்புள்ள கோட்டு.”

அம்மா பேரை, கதீஷா என்று, ஒரு சீட்டில் எழுதிக் கோட்டில் ஊசியால் குத்தி வைத்தாள். வரும்போது அம்மா கழிப்பறை கேட்டார். பூட்டியிருந்தது. சாவி பூக்கடையில், பூக்கடை மூடல். வீடுவரை அம்மா யாரோடும் பேசவில்லை.

கீழே அம்மா எழுதுகிறார்.
உன் அக்கா, மர்ஸியா

தங்கமே, கோட்டு வரும். நான் விடமாட்டேன். நன்றாகச் சாப்பிடு. அம்மா.


குடியிருப்புச் சிறை
அக்டோபர் 3, 2006

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலம். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், ஓட முடியவில்லை. நீங்கள் இருவரும் நலம்தானே?

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மா படியிடம் பேசியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். எனக்கு அடுத்த கட்டிலில் இருக்கிற ஹென்ரிக், “உங்கம்மாவை இங்க நிர்வாகியா போட்டா நாமெல்லாம் எப்பவோ வீட்டுக்குப் போயிருப்போம்” என்கிறான்.

ஆனால் அம்மாவை இனி மாடி ஏற விடாதே. நீயே போ. கோட்டுக்காக அவருக்கு மூச்சு முட்ட வேண்டாம். இங்கே காலையில் புல் வெள்ளையாகிவிட்டது.

அடுத்த கடிதத்திலும் அம்மா எழுத வேண்டும், கொஞ்சம் பெரிதாக.
தோலெகென்


அக்சு கிராமம்
அக்டோபர் 14, 2006

என் தம்பி மகள் மர்ஸியாவுக்கு, பெரியப்பா கப்டோஷ் எழுதுவது.

வந்தவர்களெல்லாம் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். இங்கே ஆளும் ஆடுமாடும் சுகம். நீ தனியாக இருக்காதே, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட வைத்துக்கொள். உன் அம்மா கதீஷா போன்ற மனுஷிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தாய். மண் போட இடம் கிடைக்காமல் ஆண்கள் காத்து நின்றார்கள். அதை நினைத்து ஆறுதல் கொள்.

ஒரு விஷயத்தில் உறுதியாக இரு. தோலெகெனுக்கு இதை நீ எழுதக் கூடாது. சாவுச் செய்தி காகிதத்தில் போகாது. ஒருவன் தனியே நின்று பிரித்துப் படித்துத் தெரிந்துகொள்கிற செய்தி அல்ல அது. நம்மில் பெரியவர்கள் போய், எதிரே உட்கார்ந்து, பக்குவமாகச் சொல்லி, அவன் விழும்போது பிடிக்க வேண்டும். உன் தாத்தா செத்தபோது ராணுவத்தில் இருந்த எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் நான் இன்று மனிதனாக இருக்கிறேன்.

நானும் உன் சித்தப்பாவும் இமாமும் போவோம். அவனைச் சிறையில் பார்க்க அனுமதி ஜனவரி கடைசிக்குத்தான் கிடைக்கும் என்கிறார்கள். அதுவரை வழக்கம்போல் எழுது. பொய் சொல்லச் சொல்லவில்லை. வேறு ஏதாவது எழுது.

இறைவன் உனக்குப் பொறுமை தரட்டும்.
பெரியப்பா


கரகந்தா
அக்டோபர் 29, 2006

அன்புத் தம்பி,

ஸலாம். நீ நலமா? பல் எடுத்த இடம் ஆறியதா?

கோட்டுக்காக மெரெகேக்குப் போனேன். மூன்றாம் மாடியில் அந்தக் கடை இல்லை. கடை இருந்த இடத்தில் துணி மாட்டிவைக்கிற பொம்மை ஒன்று கை இல்லாமல் நின்றது. விளக்கையும் அணைத்துவிட்டார்கள். காவலாளி வீத்யாவிடம் கேட்டேன்.

“இங்க இருந்த துணிக்கடை எங்கங்க?”

“எந்த மாடி?”

“இதே மாடி.”

“இந்த மாடிதான் மூடியாச்சே. நீங்க எப்படி மேல வந்தீங்க?”

“படியில.”

“படியும் மூடியாச்சு.”

கடை இரண்டாம் மாடிக்கு இறங்கியிருந்தது. ரிஸ்கூல் இருந்தாள், கோட்டும் இருந்தது. நீலக் கோட்டை நானே பார்த்தேன், பேர் குத்தியது அப்படியே இருந்தது. வாங்கியவர் நேரில் வரவேண்டும் என்றாள். முடியாது என்றேன். அப்படியானால் தன்னாலும் முடியாது என்றாள். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கி, மூன்றாம் மாடி பொம்மைக் கடையில் இன்று தள்ளுபடி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பொம்மைக் கடை போன வருடமே போய்விட்டது. வெளியே தெருவிளக்கு போடுகிறவரை உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. தொழிற்சாலையில் புது அடுப்பு போட்டிருக்கிறார்கள். ரொட்டி ஒரு பக்கம் கருகுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மர்ஸியா


குடியிருப்புச் சிறை
நவம்பர் 14, 2006

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நான் நலம். நீ நலமா? அம்மா நலமா?

உன் கடிதம் வந்தது. பொம்மைக்குக் கை இல்லை என்று எழுதியிருக்கிறாய், ரொட்டி கருகுகிறது என்று எழுதியிருக்கிறாய். அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கீழே அம்மா எழுதவும் இல்லை. நீலக் கோட்டைத் திருப்பி அனுப்பியதற்குக் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுதச் சொல். திட்டினாலும் படிப்பேன்.

இரண்டு சட்டை போட்டு, நடுவில் செய்தித்தாள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். சூடாகத்தான் இருக்கிறது. நடந்தால் சத்தம் வருகிறது. ஹென்ரிக் என்னைப் ‘பத்திரிகை அலுவலகம்’ என்று கூப்பிடுகிறான்.

பதில் சீக்கிரம் போடு.
தோலெகென்


கரகந்தா
டிசம்பர் 2, 2006

அன்புத் தம்பி,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அம்மாவால் எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

மெரெகேக்கு மறுபடி மறுபடி போனேன். ஒரு நாள் ‘கணக்கெடுப்பு’ என்று பலகை. இன்னொரு நாள் ‘சுத்தம் செய்யும் நாள்’. உள்ளே யாரும் எதையும் சுத்தம் செய்யவில்லை, ரிஸ்கூலும் செருப்புக் கடைக்காரியும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் தட்டினேன். பலகையைக் காட்டினாள்.

நிர்வாக அறைக்குப் போனேன். ஃபைனா செர்கேயெவ்னா என்று ஒரு அம்மாள், காலடியில் மின்கணப்பு.

“குறைப் புத்தகம் வேணும்.”

“புத்தகம் முடிஞ்சுபோச்சு.”

“புதுசு?”

“அதைக் கேட்டுத்தான் பழசுல எழுதி வெச்சிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். முன்பென்றால் வீட்டுக்கு வந்து அதையே நடித்துக் காட்டியிருப்பேன். ஒன்றும் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் மாடியில் இப்போது கணப்பும் கிடையாது. விற்கிறவர்களே விற்பனைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் திரும்பத் திரும்பப் போகிறேன் என்று கேட்காதே. அங்கே யாரும் என்னை எதுவும் விசாரிப்பதில்லை. ‘வாங்கினவங்க வந்தாங்களா?’ என்பதைத் தவிர.

தபாலில் கம்பளி உள்சட்டை அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறம். உள்ளே போடுவதை யாரும் பார்க்கப் போவதில்லை.

மர்ஸியா


குடியிருப்புச் சிறை
டிசம்பர் 20, 2006

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உள்சட்டை கிடைத்தது. நன்றி. உடம்பு நலம்.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். அம்மா படுக்கையில் இருக்கிறாரா? கை விழுந்துவிட்டதா? ‘எழுத முடியவில்லை’ என்றால் என்ன அர்த்தம்? மருத்துவமனையில் என்றால் எந்த மருத்துவமனை?

இன்னொன்று. போன வாரம் ஹென்ரிக்கின் அப்பா இறந்துபோனார். மருத்துவரும் காவல் நிலையமும் முத்திரை போட்ட தந்தி வந்தது. அன்றே சில நாள் விடுப்புக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காவலுக்குக்கூட ஆள் இல்லை, தனியாகவே போனான். அப்பாவைத் தன் கையால் அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறான். எனக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. நம் வீட்டிலும் தெரியாது என்று நினைக்கிறேன். ஆகவே எழுதிவைக்கிறேன்: அம்மாவுக்கு ஏதாவது மோசமாக ஆனால், முத்திரையோடு தந்தி அடி. நான் வந்துவிடுவேன். பெரியப்பா ஏதாவது வழக்கம் பேசுவார். கேட்காதே. மண் போடுவது பெற்ற பிள்ளையின் கடமை. அதற்குக்கூட நான் இல்லை என்றால் என்னைப் பெற்று என்ன பயன்?

கோபமாக எழுதிவிட்டேனா? பயமாக இருக்கிறது, அக்கா. அதுதான்.
தோலெகென்


கரகந்தா
ஜனவரி 8, 2007

தம்பி தோலெகென்,

ஸலாம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பக்கத்தில் ஹென்ரிக்கை வைத்துக்கொள்.

அம்மா இறந்துவிட்டார். அக்டோபர் ஒன்பதாம் தேதி. காலையில் தேநீருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர், “அடுப்பை அணைம்மா, எனக்கு என்னவோ பண்ணுது” என்றார். மாலைக்குள் முடிந்துவிட்டது. ரொம்பக் கஷ்டப்படவில்லை. உன் மூன்றாம் தேதிக் கடிதம் அடக்கத்துக்கு மறுநாள் வந்தது.

பெரியப்பா எழுதக் கூடாது என்றார். தானும் இன்னும் இருவரும் ஜனவரி கடைசியில் வந்து முறைப்படி சொல்வதாகச் சொன்னார். உனக்கு விடுப்புக் கிடைக்கும் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அது தெரிந்துகொள்ளக் கஷ்டமான விஷயமும் இல்லை. யாரும் கேட்கவில்லை. உன்னை விலங்கு போட்டுக் கூட்டிவருவார்கள், அம்மா முன்னால் அவமானம் என்றார்கள். எல்லோரும் தலையாட்டினோம்.

உன் டிசம்பர் கடிதத்தை வாங்கியவுடன் தொழிற்சாலை வாசலிலேயே படித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று மாதமாக இப்படித்தான். கை கால் நடக்கிறது, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு மெரெகேக்குப் போனேன். டிசம்பர் 29. எங்கும் புத்தாண்டுக் கூட்டம், அங்கே மட்டும் யாரும் இல்லை.

ரிஸ்கூல் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள்.

“அக்கா, எத்தனை தடவை சொல்றது? நடக்க முடியலைன்னா டாக்ஸி வெச்சுக் கூட்டிட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை.”

“வர முடியாது.”

“மேல ஏற வேண்டாம், நான் கீழ இறங்கி வர்றேன். போதுமா?”

“முடியாது.”

“அப்படி எங்கதான் போயிட்டாங்க உங்கம்மா?”

“செத்துட்டாங்க,” என்றேன்.

தோலெகென், அந்தச் சொல்லை அதுவரை நான் வாயால் சொன்னதே இல்லை. இங்கே எல்லோருக்கும் பெரியவர்கள்தான் போய்ச் சொன்னார்கள். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன், வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் யாருக்கும் சொல்லவேண்டி வரவில்லை. முதல் முறை சொன்னது ஒரு துணிக்கடையில்.

அவள் எழுந்து நின்றாள். வானொலியை அணைத்தாள். மேசையைச் சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அவங்க மேல இருக்கற மண்ணு பட்டு மாதிரி மெத்துன்னு இருக்கட்டும் அக்கா. சொல்லக் கூடாதா? மொத நாளே சொல்லக் கூடாதா?” என்று அழுதாள். செருப்புக் கடைக்காரி வந்தாள். கைபேசி உறை விற்கிறவர் வந்தார். வீத்யா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஃபைனா அம்மாள்கூடக் கணப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார், ஆனால் செருக மின் இணைப்பு இல்லை. குடுவையிலிருந்து பால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். வளாகத்தில் மிச்சமிருந்தவர்கள் அவ்வளவுதான். துக்க வீட்டில் நிற்பதுபோல் சுற்றி நின்றார்கள். நான் அழவில்லை. தேநீரைக் குடித்தேன். இனிப்பு அதிகம்.

பிறகு ரிஸ்கூல் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து கருப்புக் கோட்டை எடுத்தாள். உன் அளவு.

“இது எப்ப வந்தது?” என்றேன்.

“இதுவா? அம்மா வெச்சுட்டுப் போன அந்த வாரமே வந்துடுச்சு அக்கா. அவங்கதான் வரலை.”

கோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், என் கையெழுத்து மாதிரியே இல்லை. பெரியப்பா வருவார். அவருக்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அது சரியா தப்பா, தெரியாது.

உன் அக்கா


குடியிருப்புச் சிறை
பிப்ரவரி 6, 2007

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நீ நலமா? தனியாக இருக்காதே.

உன் கடிதமும் கோட்டும் ஒன்றாக வந்தன. படித்தேன். மடித்து வைத்தேன். மரக்கிடங்குக்குப் போனேன். மதியம் ஹென்ரிக் தன் சூப்பையும் கொடுத்தான், அதையும் குடித்தேன். உனக்கு எப்படி இருந்தது என்று எழுதியிருந்தாயே, அதேதான். உள்ளே யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போன மாதிரி. இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

பிறகு பெரியப்பா வந்தார். சித்தப்பாவும் இமாமும் கூட. முழங்கால் வலியோடு இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறார். பார்வை அறையில் மூவரும் எனக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியப்பா என் உடம்பு, வேலை, சாப்பாடு எல்லாம் விசாரித்தார். அப்புறம் நம் கொள்ளுத் தாத்தாவில் ஆரம்பித்தார். “அவரு எவ்வளவு பெரிய மனுஷன், அவரும் இந்த உலகத்துல தங்கலை. அவரு மகன் குதிரை ஏறினா ஊரே பார்க்கும், அவரும் தங்கலை.” ஒவ்வொருவராக வந்தார். கடைசியில் நம் அப்பாவிடம் வந்தார். அடுத்த பேர் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் சொல்வதற்குள் தெரிந்த மாதிரி முகத்தைக் காட்டிவிடக் கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கம்மா கதீஷாவும் தங்கலைப்பா,” என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மூன்று பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். காவலர் நேரம் முடிந்தது என்று சொல்லவே இல்லை. பெரியப்பா நேரில் வந்தது சரிதான், அக்கா, பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அவர் இத்தனை நாள் மறைத்தது தப்புதான், அதுவும் உண்மை. விடுப்பைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. இனிமேலும் சொல்லமாட்டேன். அவருக்கு எழுபது வயது. நீ எனக்கு எதுவும் எழுதவில்லை, அவர் வாயால்தான் நான் தெரிந்துகொண்டேன். யார் கேட்டாலும் அப்படியே சொல்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும். எழுதுவதை நிறுத்தாதே.

டிசம்பர் 29 என்று தேதி போட்டு எழுதியிருந்தாய். காவலாளி வீத்யா நம் அம்மாவுக்காகத் தொப்பியைக் கழற்றி நின்ற அன்று, நான் இங்கே அம்மாவுக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டை வரைந்துகொண்டிருந்தேன். மறுநாள் தபாலில் போட்டேன். உன் வீட்டுக்கு வந்திருக்கும். நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

உன் தம்பி,
தோலெகென்